செய்தியும் மெய்யும்: செஞ்சியிலிருந்து ஒரு நோக்கு

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. அத்திங்கள் 11ஆம் நாள், பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47ஆவது அமர்வு, மராத்தியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. 17ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. 2020இல் தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டு உறுப்பினர்களுக்குத் தங்க இடமளித்தார்கள் என்று இந்தியர் எழுபது பேர் மீது பதிவான 16 வழக்குகளின் குற்றப்பத்திரிகைகளை அது ரத்துச் செய்தது.

முதற்செய்தி செஞ்சியின் தேநீர்க் கடைகள் வரை எட்டியது. ஊரே அதைப் பேசிற்று. இரண்டாவதைப் பற்றி நாம் நம் அரபுக் கல்லூரி வகுப்பில் வினவினோம். 2020இல் ஜமாஅத்தினரால் நோய் பரவியது என்று சொல்லப்பட்டதை எல்லா மாணவர்களும் அறிந்திருந்தனர். அப்போது அவர்கள் சிறுவர்கள்; ஆயினும் நினைவிருந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பை அறிந்திருந்தவர் இருவர் மட்டுமே. சமயக் கல்வி பயிலும், அச்செய்தியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞர்களின் நிலையே இதுவென்றால், பொதுவாசகரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி ஊடகங்கள் உலகை எந்த அளவுக்குச் சரியாக நமக்குக் காட்டுகின்றன என்ற வினாவை இந்த இரு செய்திகளையும் அருகருகே வைத்து ஆராய விரும்புகிறோம். "ஊடகங்கள் பொய் சொல்கின்றன" என்பது எளிதான, பெரும்பாலும் பயனற்ற குற்றச்சாட்டு. ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாக இருக்க, வாசகர் மனத்தில் எஞ்சும் படம் மட்டும் பிழையாகிப் போவது எப்படி என்பதே கடினமான வினா.

கோட்டையும் அதன் பெயரும்

செஞ்சியை எடுத்துக் கொள்வோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை மதிலால் இணைத்த இக்கோட்டையின் தொடக்கத்தை, 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' போன்ற பிற்காலச் சுவடிகள் ஆனந்தக் கோன் என்பவரிடம் கொண்டு சேர்க்கின்றன. பின்னர் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் இதை விரிவாக்கினர். 1649 அளவில் பீஜப்பூர் சுல்தானியப் படை இதைக் கைப்பற்றி, பாத்ஷாபாத் என்று பெயரிட்டது. 1677இல் சிவாஜி வென்றார். அவர் மகன் இராஜாராம் இங்கிருந்தே முகலாயரின் நெடிய முற்றுகையைத் தாங்கினார். 1698இல் நுஸ்ரத் ஜங் என்னும் பட்டம் பெற்ற சுல்ஃபிகார் கானிடம் கோட்டை வீழ்ந்தது. அது முதல் நுஸ்ரத்கட் ஆயிற்று. பின் ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர்.

இந்நெடும் வரலாற்றில் மராத்தியர் ஆட்சி இருபத்தோராண்டு. அக்காலம் சிறிதாயினும் சிறப்பற்றதன்று. ஓர் அரசே அழியும் தறுவாயில் அதன் தலைநகராக நின்று காத்தது செஞ்சி. மதில்களை வலுப்படுத்தியதில் மராத்தியரின் பங்கும் உண்டு. ஆகவே மராத்தியரின் போர்த்திறனை விளக்கும் தொகுதியில் செஞ்சியைச் சேர்த்தது பிழையன்று. அத்தொகுதியின் நோக்கம் அது. பிழை எங்கே நேர்ந்ததெனில், தொகுதியின் தலைப்பு கோட்டையின் அடையாளமாக மாறிய இடத்தில். மராத்தியக் கோட்டைத் தொகுதியில் செஞ்சி இடம்பெற்றது என்ற செய்தி, பல இடங்களில் 'மராத்தியக் கோட்டையான செஞ்சி' என்று சுருங்கிற்று. இரண்டு வாக்கியங்களுக்குமிடையே சில சொற்களே வேறுபாடு. ஆனால் அவற்றுக்கிடையே சில நூற்றாண்டுகள் புதைந்து போயின.

இதற்கு எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. கோட்டையைக் கட்டியவர் தமிழ் மன்னர். எனவே இது தமிழர் கோட்டை என்றனர். அதுவும் ஒற்றைப் பெயரே. பட்டியலில் ஒரு பெயரை அடித்து வேறொன்றை எழுதியதோடு அவ்விவாதம் நின்றது. கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும், 1717-18இல் எழுந்த சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன என்ற எளிய காட்சியை இரு தரப்புச் செய்திகளும் வாசகர் முன் வைக்கவில்லை. நேரில் சென்றவர் அரைமணி நேரத்தில் காணக்கூடியதை, மாதம் முழுதும் செய்தி படித்தவர் அறியாமற் போனார்.

வால்டர் லிப்மன் என்னும் அமெரிக்க இதழாளர் 1922இல் வெளியிட்ட 'பொதுக் கருத்து' என்ற நூலில் இதைத்தான் விளக்க முற்பட்டார். மனிதன் உலகுக்கு நேராக எதிர்வினை புரிவதில்லை. தன் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் உலகின் படத்துக்கே எதிர்வினை புரிகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். 1968இல் நடந்த அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்னும் ஆய்வாளர்கள் ஒரு சிற்றூரின் வாக்காளர்களை ஆராய்ந்து, 1972இல் தம் முடிவை வெளியிட்டனர். ஊடகங்கள் எவற்றை முதன்மைப்படுத்தினவோ அவற்றையே வாக்காளர்களும் முதன்மையானவை எனக் கருதினர் என்பது அவர்கள் கண்டது. ஊடகத்தின் ஆற்றல் சொல்வதில் மட்டுமன்று. எதை முன்னே வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதிலும் உள்ளது.

கதைப்பாடல் சொன்ன செய்தி

செய்தித்தாள் வருமுன் இவ்வூரின் செய்தியைச் சுமந்தவை கதைப்பாடல்கள். அவை தம் வேலையை எவ்வளவு சரியாகச் செய்தன? தேசிங்கு ராஜன் கதை இதற்குத் தக்க சான்று.

வரலாறு கூறுவது இது: புந்தேலர் குலத்துச் சொரூப் சிங், முகலாயர் சார்பில் செஞ்சியின் கில்லேதாராக இருந்தார். அவர் மறைந்தபின் அவர் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். அவரே நம் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் மேலாண்மையையும் நிலுவைத் தொகையையும் குறித்து எழுந்த பூசல், 1714இல் போராக முற்றியது. இளைஞரான தேசிங்கு அதில் மாண்டார். அவர் தோழர் மகபத் கானும் அவர் பக்கம் நின்று போரிட்டு மாண்டார்.

கதைப்பாடல் இவற்றில் பலவற்றை மாற்றிவிட்டது. தில்லி பாதுஷாவிடம் எவராலும் அடக்க முடியாத குதிரை ஒன்றிருந்தது என்றும், அதை அடக்கித் தந்தையைச் சிறைமீட்டவன் பாலகன் தேசிங்கு என்றும் அது பாடிற்று. இரு முகலாய அலுவலர்களுக்கிடையே நேர்ந்த அதிகாரப் பூசல், வீரமும் நட்பும் பொருதும் காவியமாயிற்று. படை எண்ணிக்கை பெருகிற்று. நிகழ்வுகளைப் பொறுத்தமட்டில் அது நம்பத்தக்க சாட்சியன்று.

எனினும் அப்பாடல் ஒன்றைத் தவறவிடவில்லை. மணக்கோலத்தில் இருந்த மகபத் கான், நண்பனின் அழைப்பு வந்ததும் பந்தலை விட்டெழுந்து போர்க்களம் சென்றதை அது ஊர் ஊராகக் கொண்டு சென்றது. எதிரணியில் ஒரு முஸ்லிம் நவாப் இருந்தார். இவ்வணியில் உயிர்கொடுத்த தோழனும் முஸ்லிம். நவாப்பின் பக்கமும் அவ்வாறே. அவருடைய திவான் லாலா தக்னி ராய்; அவரது ஆட்சியைப் பாரசீக மொழியில் 'ஸஈத் நாமா' என வரலாறாக வரைந்த ஜஸ்வந்த் ராயும் முஸ்லிம் அல்லர். இப்போரைச் சமயப் போராகக் காட்டப் பாடகர்களுக்கு வாய்ப்பிருந்தது. அவர்கள் அவ்வாறு காட்டவில்லை. விவரங்களில் தவறிய அப்பாடல், மனிதர்களுக்கிடையே இருந்த உறவில் தவறவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செஞ்சி வட்டாரத்தில் தேசிங்கின் பெயரோடு மகபத் கானின் பெயரும் சேர்ந்தே ஒலித்தமைக்கு அதுவே காரணம். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' திரைப்படமும் அந்நினைவின் நீட்சியே.

இன்றோ, நாம் கண்ட காணொளிகள் சிலவற்றில் தேசிங்கு மட்டும் நிற்கிறார், நவாப் நிற்கிறார், மகபத் கானைக் காணோம். ஆண்டு, தேதி, மன்னர் பெயர் யாவும் பாடலைவிடச் சரியாக உள்ளன. ஒருவர் மட்டும் நீக்கப்பட்டுள்ளார்; அதனால் போரின் பொருளே மாறிவிடுகிறது. விவரச் செம்மை வேறு, மெய்ம்மை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

எண் சரி, படம் பிழை

இனி 2020க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் மாத நடுவில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியோரில் பலருக்குக் கொரோனா தொற்றியிருந்தது உண்மை. அவர்களிற் பலர் தமிழகம் திரும்பியதும் உண்மை. சிலர் தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளத் தயங்கியதும் உண்மை. இவற்றை மறைப்பது நம் நோக்கமன்று. மறைத்தால் நாம் பிறரிடம் கேட்கும் நீதியை நாமே மீறியவராவோம்.

ஏப்ரல் 18ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதுவரை கண்டறியப்பட்ட 14,378 தொற்றாளர்களில் 4,291 பேர், அதாவது 29.8 விழுக்காட்டினர், அந்நிகழ்வோடு தொடர்புடையோர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 84 விழுக்காடு. இவ்வெண்களைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவை எதைக் காட்டும் எண்கள்? அந்நாட்களில் பரிசோதனை வசதி மிகக் குறைவு. இருந்த வசதியின் பெரும்பகுதி மர்கஸ் சென்று வந்தோர், அவர்தம் குடும்பத்தார், அவர்களைச் சந்தித்தோர் மீதே செலுத்தப்பட்டது. ஒரே குளத்தில் வலை வீசிவிட்டு, ஊரின் மீனெல்லாம் அக்குளத்திலேயே இருக்கின்றன என்று சொல்வதை ஒப்பது இது. 84 என்பது கண்டறியப்பட்டவர்களின் விகிதம்; நோயின் விகிதமன்று. அந்த ஒரு வேறுபாட்டை விளக்க இரண்டு வரி போதும். பெரும்பாலான செய்திகளில் அவ்விரு வரிகள் இடம்பெறவில்லை.

அடுத்த மாதமே ஓர் ஒப்பீடு தானாக அமைந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று ஆயிரக்கணக்கானோருக்குப் பரவியது. விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களுக்குச் சுமை தூக்குவோரும் வணிகரும் வழியாக அது வந்து சேர்ந்தது. நம் மாவட்டத்தில் அதன் வேகத்தை நாம் கண்ணாரக் கண்டோம். அப்போது அத்தொழிலாளர்களின் சமயம் எது, சாதி எது என்று எவரும் எழுதவில்லை. எழுதாதது மிகச் சரி. அதே நாகரிகம் ஒரு மாதத்திற்கு முன் ஏன் இல்லை என்பதே கேள்வி. நோயாளிகளைச் சமயத்தின் பெயரால் அடையாளப்படுத்தலாகாது என்று உலகச் சுகாதார அமைப்பின் அதிகாரிகள் அந்த ஏப்ரலிலேயே எச்சரித்திருந்தனர். தமிழக அரசின் அறிக்கைகளும் பின்னர்ப் பெயரை விடுத்து, ஒற்றை மூலத் தொற்று என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறின. ஆனால் படம் அதற்குள் வரையப்பட்டுவிட்டது. தள்ளுவண்டியில் காய்கறி விற்ற முஸ்லிம் வணிகர்கள் புறக்கணிக்கப்பட்டதாகப் பல மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்தன. குணமடைந்த ஜமாஅத்தினர் பலர் பிற நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா வழங்கியது, படம் காய்ந்தபின் வந்த வண்ணம், ஒட்டவில்லை.

நீதிமன்றங்கள் மெல்ல மெல்லத் திருத்தின. 2020 ஆகஸ்ட் 21இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்றும், அச்சு, மின்னணு ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் கருத்துரைத்தது. டிசம்பரில் தில்லி நீதிமன்றம் ஒன்று 36 வெளிநாட்டவரை விடுவித்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா, ஊடகத்தின் ஒரு பிரிவு எதையும் வகுப்புவாதக் கண்ணோட்டத்தில் காட்டுவதாகக் கவலை தெரிவித்தார். இறுதியில் 2025இன் தீர்ப்பு. குற்றச்சாட்டு நாள்தோறும் மாலையில், எண்களோடு, வாரக்கணக்கில் வந்தது. விடுதலை ஒரு நாள், ஓரிரு பத்திகளில் வந்து போயிற்று. இரண்டும் மெய்ச்செய்திகளே. அளவு மட்டுமே வேறு. அந்த அளவுதான் நம் மாணவர்களின் நினைவைத் தீர்மானித்தது.

முஹத்திஸ்களின் உரைகல்

நம் மரபில் இதற்கு உரைகல் உண்டு. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த நேரலாகாது என்றும் பணிக்கிறது. தஃப்ஸீர் ஆசிரியர் பலர் இதன் பின்னணியாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பர். ஸகாத் பெற்றுவர பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் அல்வலீத் பின் உக்பா (ரலி) அனுப்பப்பட்டார். அவர்கள் வரவேற்கத் திரண்டு வந்தனர். திரண்டு வருவதைக் கண்ட அவரோ, கொல்ல வருகின்றனர் என்றெண்ணித் திரும்பிவிட்டார். அவர்கள் ஸகாத் தர மறுத்ததாகச் செய்தி மதீனாவை எட்டியது. இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அதன் நுட்பம் 2020க்குப் பின்னரே நமக்கு முழுதாக விளங்கிற்று. அவர் கண்டது மெய். மக்கள் திரண்டு வந்ததும் மெய். கண்டதற்கு ஏற்றிய பொருளே பிழை. விசாரணை என்பது நிகழ்ந்ததா என்று கேட்பதோடு முடிவதில்லை; நிகழ்ந்ததன் பொருள் யாது என்று கேட்பதையும் அது உள்ளடக்கும்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை ஒரு துறையாகவே வளர்த்தனர். பெயர் சொல்லப்படாத அறிவிப்பாளரை அவர்கள் முப்ஹம் என்று தள்ளி வைத்தனர். நாமோ, வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்ற சொல்லுக்கு நாள்தோறும் தலையசைக்கிறோம். இடையிலுள்ள பலவீனமான கண்ணியை மறைத்து, உயர்ந்தவரிடமிருந்து நேராகக் கேட்டது போலத் தோன்றச் சொல்வதை தத்லீஸ் என்று கடிந்தனர். அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை மூலத்தோடு கலந்துவிடுவதை இத்ராஜ் என்று பிரித்துக் காட்டினர். இன்றைய செய்திகளில் இத்ராஜ் மிகுதியாக நிகழும் இடம் தலைப்பு. உள்ளே அதிகாரியின் சொல் இருக்கும். தலைப்பிலோ ஆசிரியரின் சொல் இருக்கும். வாசகர் இரண்டையும் அதிகாரியின் சொல்லாகவே நினைவில் கொள்வார்.

இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், செய்திகளில் பொய் புகும் வழிகளை வரிசைப்படுத்துகிறார். தன் கட்சி மீதுள்ள சாய்வு, அறிவிப்பவர் மீதுள்ள அளவு கடந்த நம்பிக்கை, கண்டதன் உட்பொருளை அறியாமை ஆகியவற்றைக் கூறியபின், இவை அனைத்தினும் முதன்மையான காரணமாக, மனித சமுதாயத்தின் இயல்புகளை அறியாமையைச் சுட்டுகிறார். படைகளின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பெருக்கிச் சொல்வதை அவர் கணக்கிட்டு மறுக்கிறார்: அத்தனை பேர் அந்த நிலப்பரப்பில் நிற்க இடமுண்டா? உணவுண்டா? தேசிங்கு கதையின் படைக்கணக்கையும், 2020இன் விழுக்காட்டையும் எதிர்கொள்ள வேண்டிய முறை இதுவே. எண்ணைக் கண்டு மருளாமல், அது எப்படி எண்ணப்பட்டது என்று கேட்க வேண்டும்.

நம் வீட்டுக் கண்ணாடி

இத்துணையும் சொன்னபின் நம்மையும் நோக்க வேண்டியுள்ளது. பிறர் ஊடகத்தின் மீது வீசும் அளவுகோலை நம் ஊடகத்தின் மீதும் வைக்கிறோமா? நம் பேச்சாளர்கள் மகபத் கானைப் பெருமையோடு சொல்வர். ஆனால் அவரைக் கொன்றது நவாப்பின் படை என்பதைச் சொல்ல மாட்டார்கள். சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலின் அழகைப் பேசுவர். அது ஓர் இளைஞனின் தோல்விக்குப் பின் எழுந்தது என்பதைக் கடந்து செல்வர். நாமும் இச்சுருக்கத்தைச் செய்தவரே என்று ஒப்புக்கொள்கிறோம். 2020இல் ஜமாஅத்தினர் மீது எந்தத் தவறுமே இல்லை என்றும், நோயே ஒரு சதி என்றும் சொன்ன குரல்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பள்ளிவாசல் அறிவிப்புகளைவிட வேகமாகப் பரவின. அவற்றைத் தடுத்தவர்கள் சிலரே.

இஃப்க் நிகழ்ச்சி பற்றிய ஸூரா அந்நூரின் வசனங்கள், அவதூறை உண்டாக்கியோரை மட்டும் கண்டிக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் தம்மவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளாமல், நாவுக்கு நாவு கொடுத்தோரையும் கண்டிக்கின்றன. அவர்களில் இறைநம்பிக்கையாளர்களும் இருந்தனர். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே வைத்துள்ளார். அம்முன்னுரையை நாம் ஆண்டுதோறும் ஓதுகிறோம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கைப்பேசியில் வந்ததைப் பிறருக்கு அனுப்புகிறோம். அல்மாயிதா எட்டாம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்று கட்டளையிடுகிறது. அது நம்மை வெறுப்போரின் செய்தியையும் நீதியோடு எடைபோடச் சொல்லும் கட்டளை.

எனவே ஊடகம் மெய்யைக் காட்டுகிறதா என்ற வினாவுக்கு நம் விடை இது: துண்டு துண்டாகப் பெரும்பாலும் மெய்யையே காட்டுகிறது. துண்டுகளைத் தெரிந்தெடுத்து, பெயர் சூட்டி, அளவிட்டு அடுக்குவதில்தான் மெய் கைநழுவுகிறது. அதைத் திருத்தும் கடமையில் இதழாளருக்குப் பாதியும், மீதி வாசகருக்கும் உண்டு. நம் கல்லூரியில் இவ்வாண்டு முதல் உஸூலுல் ஹதீஸ் பாடத்தின் இறுதி அரைமணியை அன்றைய நாளிதழுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இச்செய்தியை அறிவிப்பவர் யார், அவர் நேரில் கண்டாரா, தலைப்பு யாருடைய சொல், விடுபட்டவர் யார் என்று மாணவர்கள் கேட்டுப் பழகுகின்றனர். முதல் வாரத்தில் அவர்கள் கையிலெடுத்தது, தாம் அறியாமலிருந்த அந்தத் தில்லித் தீர்ப்பை. அடுத்த வாரம் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். கோயிலையும் பள்ளிவாசலையும் கண்டுவிட்டு இறங்குகையில் ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், இது யாருடைய கோட்டை?" மற்றொருவர் விடையளித்தார்: "எந்த ஆண்டில் என்று முதலில் கேள்."

அப்பதிலைக் கேட்டபோது நம் உழைப்பு வீண்போகவில்லை என்று தோன்றிற்று. மெய்யை மெய்யாகக் கண்டு பின்பற்றும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.